மூட்டை இருந்தால் அது கடை

எங்கள் தெருவின் கடைகள் எல்லாம் ஒரே பருவத்தில் சுருங்கின. வாங்க வருவோர் குறைந்தது ஒரு காரணம். பெருங்காரணம் சொத்து வரி. குடியிருக்கும் இடத்துக்கு ஒரு வரி, வணிகம் நடக்கும் இடத்துக்கு அதைப்போல் சில மடங்கு என்பது முன்பும் உண்டு. அண்மையில் வரியைத் திருத்தியபோது அந்த வேறுபாடு சிறு கடைக்காரன் தாண்ட இயலாத வாய்க்காலாக அகன்றுவிட்டது. தாண்ட இயலாதவன் தன் கடையைக் குறைத்துக்கொள்வான். கொத்தனாரை அழைத்துக் கடைக்குள் ஒரு குறுக்குச் சுவர் எழுப்பி, சுவருக்கு முன்னால் கடை, பின்னால் வீடு என்று ஆக்கிக்கொள்வான். எங்கள் தெருவில் அப்படித்தான் செய்தார்கள். நானும் செய்தேன்.

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையில், பேருந்துச் சாலையிலிருந்து வயல் வழியே உள்ளே நடந்தால் வருகிற சிறிய கோயில் ஊர் எங்களுடையது. கோயிலின் கீழவீதியில் என் வீடு. வீட்டின் முன்பகுதியில் பூசைச் சாமானும் நாட்டு மருந்தும் விற்கும் கடை. கற்பூரம், சாம்பிராணி, திரிநூல், திருநீற்றுப் பை ஒரு பக்கம்; சுக்கு, திப்பிலி, கடுக்காய், வசம்பு மறு பக்கம். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கடை நீளமாக உள்ளே ஓடும். அங்கே மூட்டைகளைச் சுவரோரமாக அடுக்கியிருப்பேன். நடுவில் ஒரு விளக்கு. மாலையில் கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் அந்த விளக்கை ஏற்றி, அதன் எதிரே அமர்ந்து நாளுக்கு ஒரு பதிகம் ஓதுவது என் வழக்கம். சிறுவயதில் ஏற்றுக்கொண்ட நியமம். காய்ச்சல் கண்ட நாள்களிலும் முணுமுணுத்தாவது முடித்திருக்கிறேன்.

என்னோடு ஓத ஒருவர் வருவார். அரிசி ஆலையிலும், அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்திலும் மூட்டை தூக்குபவர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் வீடு. வெகுகாலத்துக்கு முன்பு என் கடைக்குச் சரக்கு இறக்க வந்தபோது, நான் ஓதிக்கொண்டிருந்ததைக் கேட்டு, கூலியை வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் இறக்கிய மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் வந்தார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. வேலை முடிந்து, தெருக்குழாயில் கைகால் கழுவி, ஈரத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு நேராக உள்ளே வந்து கடுக்காய் மூட்டையின் மேல் அமர்வார். அதுதான் அவர் இடம்.

அவர் குரல் இனிய குரல் அன்று. பண்ணும் நிற்காது. நான் ஒரு வரியின் பாதியைக் கடந்த பிறகுதான் அவர் அந்த வரியைத் தொடங்குவார். முதலில் அது எனக்கு இடைஞ்சலாக இருந்தது. வயது ஏற ஏற, அந்தப் பின்தங்கலின் அருமை விளங்கியது. என் மூச்சு இப்போது ஒரு முழுப் பாட்டுக்குப் போதாது. நான் வரியை முடித்து நிறுத்தும்போது அவர் குரல் இன்னும் அதே வரியில் நடந்துகொண்டிருக்கும். அவர் வந்து சேரும்வரை நான் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கேட்பவர் காதில் பதிகம் அறுபடாது. மார்பில் நோய் வந்தபின் நான் பதிகத்தைக் கடைசிப் பாட்டுவரை கொண்டு சேர்த்தது, அவர் எனக்கு விட்ட அந்த அரை வரியின் துணையால்தான். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

வரித் திருத்தம் வந்தபோது அளக்க வந்தவர் ஒரு பெண். என் மகள் வயது இருக்கும். வெயிலில் தெருத்தெருவாக அலைந்து முகம் வாடியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடமே கொடுத்தார். என் கடையை நானே பிடித்துக் கொடுக்க, அவர் அளந்தார்.

கல்லாவுக்குப் பின்னால் வந்ததும் நின்றார். "இது என்னங்கய்யா, இந்தப் பின்பக்கம்?"

"சாயங்காலம் இங்க பதிகம் ஓதுவோம்மா."

"எத்தனை பேரு?"

"நானும் இன்னொருத்தரும்."

"ரெண்டு பேருக்கா இவ்வளவு எடம்?" என்று சிரித்தார். "மூட்டை இருக்கே?"

"அதுமேலதான் உட்கார்ந்து ஓதுவோம்."

"மூட்டை இருந்தா அது கடைங்கய்யா. எங்க கணக்குல அப்படித்தான். அதுமேல உட்கார்ந்து பாடினாலும் சரி, படுத்துத் தூங்கினாலும் சரி." பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் பண்றதத்தான் சொல்றேன். குறுக்க ஒரு சுவர் எடுத்திருங்க. பின்பக்கத்துக்கு வீட்டுக்குள்ளேருந்து வழி வச்சிருங்க. சரக்கு எதுவும் அங்க இருக்கக்கூடாது. அப்புறம் வந்து பாத்து வீடுன்னு எழுதிக்கிறேன்" என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. சட்டத்துக்கு உள்ளே நின்று ஒருவர் எவ்வளவு இரக்கம் காட்ட முடியுமோ அவ்வளவு.

பக்கத்துக் கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். குடை, தொப்பி, அத்தர் விற்பவர். ஊரே அவரைப் பாய் என்றுதான் அழைக்கும். அவர் கடையில் ஏற்கெனவே சுவர் எழும்பிவிட்டது. விரித்த குடையை உள்ளே வைத்துக் காட்ட இடமில்லாமல் தெருவில் நின்று விரித்துக் காட்டுவார். அந்தப் பெண் போனதும் என் கல்லா அருகே வந்தார்.

"அண்ணே, இந்த ஊர்ல இப்ப வியாபாரம் ஆகுறது கொத்தனாருக்கு மட்டுந்தான். அவரு கரண்டிய வாங்கிக்கிட்டு நாமளும் போயிரலாம்."

"சிரிக்காதீங்க பாய். சுவர் கட்டுறதா வேண்டாமான்னே நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

"சுவர் எதுக்குண்ணே? உங்களுக்கு நான் ஒரு வழி சொல்றேன். அந்த விளக்குப் பக்கத்துல ஒரு புள்ளையார உட்கார வச்சிருங்க. கோயில்னு எழுதிக் கொடுத்திருங்க. கோயிலுக்கு வரி கிடையாது."

"சாமியப் பினாமி ஆக்கச் சொல்றீங்களா?"

"ஆத்தாடி! நான் சொல்லல, வாபஸ்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஆனா ஒண்ணு, உங்க சாமி கோவிச்சுக்க மாட்டாரு. வரிக்குப் பயந்து ஒளியிற மனுஷன அவரு எத்தனை பேரப் பாத்திருப்பாரு" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்ன அந்தச் சொல் அன்றிரவு முழுவதும் என்னை அறுத்தது. அடியார்கள் மன்னனுக்கு அஞ்சாமல் நின்ற வரலாறுகளை மாலையில் உருகி ஓதுகிறேன். காலையில் வரி அலுவலக வரிசையில், முழங்கால் வலிக்க, எனக்கு முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அரசின்மேல் எனக்குப் பகை இல்லை. தெருவிளக்கு எரிய வேண்டும். சாக்கடை ஓட வேண்டும். அதற்குப் பொருள் வேண்டும். ஆனால் கடை என்று ஒன்றை அளக்கும்போது, அங்கே என்ன விற்கிறது, எவ்வளவு விற்கிறது என்று அந்த நாடா கேட்பதில்லை. கும்பகோணத்தில் பெரிய தெருவில் நிற்கும் கடைக்கு வரி என்பது ஒரு நாள் விற்றுமுதல். எங்கள் தெருவில் அது ஒருவன் கடை திறப்பதா வேண்டாமா என்ற கேள்வி.

சுவர் எழுப்ப நான் ஒப்புக்கொண்டபோது, என் நினைப்பு எளிதாக இருந்தது. விளக்கு அதே இடத்தில்தான் இருக்கும். தரையும் கூரையும் மாறப்போவதில்லை. மூட்டைகள் மட்டும் போகும். கடை வழியாக வந்தவர் இனி வீட்டு வழியாக வருவார். இருந்த இடம் இருந்தபடியே இருக்க, வழி மட்டும்தானே மாறுகிறது என்று எண்ணினேன். தெருவில் ஒருவரும் இதில் பிழை இருப்பதாகக் கண்டதில்லை. நானும் காணவில்லை.

கொத்தனார் இரண்டே நாளில் வேலையை முடித்தார். அளக்க வந்த பெண் சொன்ன சொல் மாறாமல் மறுபடியும் வந்து பார்த்து, பின்பகுதியை வீடு என்று எழுதிக்கொண்டார். வரி குறைந்தது. என் மனைவி அந்த இடத்தைக் கழுவி, சிறிய கோலம் போட்டு, விளக்கைத் துலக்கி வைத்தாள்.

அன்று மாலை அவர் வழக்கம்போல் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். கடைக்குள் காலடி எடுத்து வைத்தவர் நின்றுவிட்டார். எதிரே சுவர். பூச்சு இன்னும் காயாமல் கருமையாக இருந்தது.

"என்னங்கய்யா இது?"

"வரிக்காகங்க. எல்லாரும் கட்டினாங்க, நானும் கட்டினேன். விளக்கு அந்தப் பக்கம் அப்படியேதான் இருக்கு. வீட்டு வழியா உள்ள வாங்க."

அவர் வீட்டு வாசலைப் பார்த்தார். கடையும் வீட்டு வாசலும் ஒரே சுவரில் அடுத்தடுத்து இருப்பவை. கடைப் படிக்கும் வீட்டுப் படிக்கும் இடையே ஒரு ஆள் படுக்கும் நீளம்கூடக் கிடையாது. அவர் இத்தனை காலமும் கடந்து வந்தது அந்த வாசலைத்தான். அதன் வழியே உள்ளே வந்ததில்லை என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது.

"இருக்கட்டும்ங்கய்யா. நான் இப்படியே நிக்கிறேன்" என்றார்.

என் மனைவி உள்ளிருந்து வந்தாள். "ஏன் அங்கயே நிக்கிறீங்க? வாங்க, உள்ள வாங்க" என்று அழைத்தாள். மனமார அழைத்தாள் என்பதை நான் அறிவேன். அவர் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, மறுபடியும் குழாய்க்குப் போய்க் கழுவிய கால்களையே கழுவிக்கொண்டு வந்தார். வீட்டு நிலைப்படிவரை வந்தார். அங்கிருந்து பார்த்தால் கூடமும், சுவரில் என் பெற்றோர் படமும், அதற்கும் அப்பால் விளக்கின் முன் என் மனைவி போட்ட கோலமும் தெரியும். பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார்.

"ஆலையில லோடு வரும்னு சொன்னாங்கம்மா. நாளைக்கு வரேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று லோடு எதுவும் வரவில்லை. ஆலை இருந்த திசைக்கும் அவர் போகவில்லை.

எங்கள் வீட்டில் ஒருவரும் அவரை உள்ளே வராதே என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையை அந்தக் கடை எங்களுக்குத் தராமல் காத்துவந்தது. கடை எல்லோருக்கும் உரிய இடம். எவரும் வரலாம், நிற்கலாம், மூட்டையின் மேல் உட்காரலாம். வேண்டாதவரும் வேண்டியவரும் அங்கே ஒன்று. வீட்டுக்கோ ஒரு நிலைப்படி உண்டு. அந்தப் படியின்மேல் ஊரின் பழைய கணக்குகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் குந்தியிருக்கின்றன. அடியாருக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்று ஓதும் பாட்டை, நான் கடைக்குள் உட்கார்ந்துதான் இத்தனை காலமும் ஓதியிருக்கிறேன். ஒரு குறுக்குச் சுவர் வந்து அதை எனக்குக் காட்டியது. வேறெதுவும் காட்டியிருக்க முடியாது என்றும் தோன்றுகிறது.

மறுநாளும் அவர் வந்தார், கடைக்குத்தான் வந்தார். "நீங்க உள்ள இருந்து பாடுங்கய்யா. நான் இங்க நின்னு பாடுறேன்" என்றார். மறுக்க எனக்கு மனம் இல்லை. நான் வீட்டு வழியாகப் போய் விளக்கின் முன் அமர்ந்தேன். அவர் சுவருக்கு மறுபுறம் நின்றார். முதல் பாட்டைத் தொடங்கினேன். என் குரல் சுவரில் மோதி என்னிடமே வந்தது. அவர் குரலோ, எங்கோ தொலைவில் எவரோ எவரையோ அழைப்பதுபோல் கேட்டது. எந்த வரியில் இருக்கிறார் என்று தெரியவில்லை. அவருக்காக நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். மூன்றாம் பாட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தேன்.

பாய் தன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்ணே, நடுவுல சுவத்த வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் இப்படிக் கத்துறதுக்கு, ஆளுக்கொரு போன எடுத்துக்கிட்டுப் பாடலாமே. சிக்னலாவது கிடைக்கும்."

மூட்டை தூக்குபவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே அவர் விடைபெற்றுப் போனார். அதன் பிறகு அவர் வரவில்லை.

விளக்கை முன்னால் கொண்டுவந்து வைத்து, சுருங்கிய கடையில் நான் தனியே அமர்ந்து ஓதப் பார்த்தேன். கல்லாப்பெட்டி, அதன் பின்னால் என் நாற்காலி, அதன் பின்னால் சுவர். இரண்டாவது ஆள் நிற்க வேண்டுமானால் முதல் ஆள் எழுந்திருக்க வேண்டும். பாதிப் பதிகத்தில் மூச்சு முட்டும். நிறுத்துவேன். பிறகு தொடர்வேன். அறுந்த இடத்தில் யார் குரலும் இராது. தெருவில் போகும் மோட்டார் சைக்கிளின் ஓசைதான் இருக்கும். ஓதி முடித்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூசியது. சில நாள்களில் பாதியோடு விளக்கைக் குளிரவைத்தேன். காய்ச்சலில்கூட விடாத நியமம், காய்ச்சல் இல்லாத நாளில் பாதியில் நின்றது.

கடையும் தேறவில்லை. பின்பகுதியில் சரக்கு வைக்கக்கூடாது. முன்பகுதியில் இடம் இல்லை. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்கி வைக்க முடிந்தது. கேட்டது இல்லை என்று இரண்டு முறை சொன்னால் மூன்றாம் முறை ஒருவரும் கேட்பதில்லை. பிரசவ மருந்துக்குச் சாமான் வாங்க வந்த ஓர் அம்மாள் கடையை எட்டிப் பார்த்துவிட்டு, "கடைய எடுத்துட்டுப் போறீங்களாங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பாத முகத்தோடு கும்பகோணம் பேருந்துக்குப் போனார். வரி குறைந்தது மெய். அந்தக் குறைந்த வரியைக் கட்டும் அளவுக்கும் கடை விற்கவில்லை என்பதும் மெய்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி எதிரே இருந்தாள்.

"கடைய மூடிடலாமான்னு யோசிக்கிறேன்" என்றேன். "மூடிட்டா எல்லாமே வீடுதான். சுவரும் வேண்டாம், கூடுதல் வரியும் இல்ல."

"மூடிட்டா அவரு வந்து எங்க உட்காருவாரு?" என்றாள்.

இந்த முடிச்சைத்தான் நான் பல நாளாக அவிழ்க்கப் பார்த்தேன். அதை அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொல்லிவிட்டாள். அவர் வந்து உட்கார வேண்டுமானால் அந்த இடம் கடையாக இருக்க வேண்டும். வீடாக இருக்கும்வரை, நாங்கள் எவ்வளவு அழைத்தாலும், அந்தப் படி அவரைத் தடுக்கும். கடையாக இருக்க வேண்டுமானால் முழு வரி கட்ட வேண்டும். விற்காத கடைக்கு, கடை என்ற பேருக்காக மட்டும் கட்டும் வரி.

"எதை வச்சுக் கட்டுறது?" என்றேன்.

எங்களுக்கு ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. குத்தகைக்கு விட்டிருக்கிறோம். சம்பா அறுவடை முடிந்ததும் குத்தகைக்காரர் கொண்டுவந்து போடும் நெல்தான் எங்கள் ஆண்டுச் சாப்பாடு. சொந்த நெல்லை அரைத்துச் சாப்பிடுவது ஒன்றுதான் இந்த வயதில் எங்களிடம் மிஞ்சிய பெருமை.

"இருக்கிற நெல்லையும் வரப்போற நெல்லையும் வித்துருவோம்" என்றாள் அவள். "ரேஷன் அரிசி இருக்குல்ல. ஊறவச்சு நல்லா களைஞ்சு வடிச்சா ஒண்ணும் ஆகாது."

"ஒனக்கு அது எறங்காதே."

"எறங்கும். நீங்க பாதியில நிறுத்திட்டு வந்து படுக்கிறதப் பாக்கிறதுதான் எனக்கு எறங்கல." சொல்லிவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அதே கொத்தனாரை அழைத்தேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நெசமாத்தான் சொல்றீங்களா? பூச்சுக்கு இன்னும் வெள்ளைகூட அடிக்கலீங்களே." பிறகு சிரிப்பை அடக்க மாட்டாமல், "கட்டினதுக்கும் கூலி, இடிக்கிறதுக்கும் கூலி. உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா நான் மாடி கட்டிக் குடிபோயிருவேன்" என்றார். சுவரை இடித்து, செங்கல் துண்டுகளையும் காரையையும் என்னிடம் கிடந்த வெற்றுச் சாக்குகளில் அள்ளிக் கட்டிச் சுவரோரம் சாய்த்தார். வண்டி வந்து எடுத்துப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடியும் வரி அலுவலகம். அதே வரிசை, அதே முழங்கால் வலி. அளக்க வந்த பெண் என்னை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார்.

"சுவத்த எடுத்துட்டேன்மா. பழையபடி முழுசும் கடைன்னே எழுதிக்குங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, இங்க வர்றவங்க எல்லாம் கடை இல்ல, கடை இல்லன்னு எழுதிக் கொடுக்க வர்றாங்க. கடைன்னு எழுதுங்கன்னு கேட்டு ஒருத்தரும் வந்ததில்ல. பிள்ளைங்க யாரும் புதுசா தொழில் பண்ணப் போறாங்களா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்கு?"

"ஒருத்தர் வந்து உட்காரணும்."

"உட்கார்றதுக்கெல்லாம் வரி இல்லீங்களே."

"அவர் உட்கார்ற எடத்துக்கு இருக்கும்மா" என்றேன்.

வயதானவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைத்திருக்கலாம். பிறகு எழுதினார். எழுதும்போது, "பெருசா ஒண்ணும் செய்ய முடியாதுங்கய்யா. அடுத்த தடவை கூட்டினாலும் கூட்டுவாங்க" என்றார். தெரியும் என்று தலையசைத்தேன். இறைவனிடம் கூட நான் இதற்கு வழி கேட்கவில்லை. கேட்பதும் ஒரு களைப்புத்தான்.

சுவர் போனதும் அவர் ஓடிவந்துவிடவில்லை. அறுவடை தொடங்கிக் கொள்முதல் நிலையத்தில் நெல் மலையாகக் குவிந்திருந்தது. தூக்குபவர்களுக்கு ஓய்வே இல்லை என்று கேள்விப்பட்டேன். நான் மாலைதோறும் பழைய இடத்திலேயே விளக்கேற்றி, கூடியவரை ஓதி, கூடாத இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தேன். பாய் எட்டிப் பார்ப்பார். "வருவாருண்ணே. மழை வந்தா நெல்லு தூக்க மாட்டாங்க. மழைக்கு நானும்தான் காத்திருக்கேன், குடை விக்கணும்" என்பார்.

மழை வந்தது. விளைந்த நெல்லுக்கு ஆகாத மழை. ஊரே அதைச் சபித்தது. அன்று மாலை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் தெருவில் போனார். கடையைக் கடந்தவர், நின்று, திரும்பிப் பார்த்தார். விளக்கு அவர் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"சுவரு எங்கங்கய்யா?"

"எடுத்துட்டோம்."

"வரி?"

"அது கட்டிக்கலாம். வாங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். கழற்றிய கையோடு கடைப்படி ஏறி, கல்லாவைச் சுற்றிக்கொண்டு, ஒருகணமும் தயங்காமல் உள்ளே வந்தார். கடுக்காய் மூட்டை இருந்த இடத்தில் சாய்ந்திருந்த சாக்கின் மேல் அமர்ந்தார். அமர்ந்த மறுகணம் துள்ளி எழுந்தார்.

"என்னங்கய்யா இது, கடுக்காயா கருங்கல்லா? குத்துதே!"

"அந்தச் சுவருதாங்க அது. இன்னும் வண்டி வரல."

அவர் சாக்கைக் கையால் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "நான் தூக்கி வெளிய போட்டுர்றேன்."

"வேண்டாம், இருக்கட்டும். இப்ப வேற மூட்டை வாங்கி அடுக்க வசதி இல்ல. மூட்டைன்னு ஒண்ணு இருந்தாத்தான் இது கடை."

அவருக்கு அது விளங்கியதோ இல்லையோ, மேலே கேட்கவில்லை. ஈரத் துண்டை நான்காக மடித்துச் சாக்கின்மேல் போட்டு, அதன்மேல் மறுபடியும் அமர்ந்தார். உள்ளே என் மனைவி ரேஷன் அரிசியைக் களைந்து ஊற்றும் ஓசை கேட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை களைந்தாள்.

நான் பதிகத்தைத் தொடங்கினேன். முதல் வரியை முடித்து நிறுத்தினேன். அவர் அந்த வரியின் பாதியில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல மூச்சு வாங்கினேன்.